கிணறு வெட்டிக் கொடுத்தால் போதுமா?

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில், கிள்ளானில், இளைஞர் பிரிவின் சார்பாக ஆற்றப்பட்ட உரை)





பொன்விழாவுக்கு இளைஞர் பிரிவு என்ன செய்யப் போகிறது என்று செயலாளர் கேட்டபோது, எங்களில் பாதிப் பேர் காற்பந்துப் போட்டி என்றோம், மீதிப் பேர் கிணறு என்றோம். கிணறு வென்றது. ஐம்பதாம் ஆண்டு என்பதால் ஐந்து தாயகத்தில், ஐந்து கம்போடியாவில், ஆக மொத்தம் பத்துக் கிணறு என்று முடிவானது. கொடுப்பவர்களின் பெயர் பொறித்த பலகைக்கு மாதிரிகூட அச்சகத்துக்குப் போய்விட்டது. இன்று அந்தப் பத்துக் கிணறுகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், நாங்கள் மனம் மாறிவிட்டோம். ஏன் மாறினோம் என்று கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்களில் பலர் வியாபாரிகள். சிலர் சாப்பாட்டுக் கடை, சிலர் துணிக் கடை. இந்த உரையை எழுதியது கிள்ளானில் குழாய்ச் சாமான் விற்கும் குடும்பம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பைப், வால்வு, மோட்டார், தொட்டி இவைதான் எங்களுக்குத் தெரிந்த உலகம். அதனால் பெரிய பெரிய வார்த்தைகளில் பேச வராது.

எங்கள் வயதுக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1998. எல் நினோ வறட்சி. கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளில் நீர் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. காஜாங்கில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போன நாங்கள், தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டால் வாளியோடு மாடிப்படி இறங்கி ஓடுவோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியம்மாவுக்கு அது விளையாட்டாக இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. கோமணத் துணி துவைக்க வேண்டிய கைக்குழந்தை ஒன்று அப்போது அந்த வீட்டில் இருந்தது.

2014-இல் மறுபடியும் சிலாங்கூரில் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 12 லட்சம் இணைப்புகளில் குழாய் வறண்டது. ஏற்கெனவே கோவிட்டில் அடிபட்டிருந்த நம் சாப்பாட்டுக் கடைகள் பேப்பர் தட்டில் நாசி கண்டார் கொடுத்த நாட்கள் அவை. எங்கள் கடையில் நீலப் பீப்பாய் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. வியாபாரி வாயால் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அந்த லாபம் இனிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், அந்த மூன்று முறையும் நம்மில் யாரும் கிணறு வெட்டப் போகவில்லை. குழாயைத் திறந்து திறந்து பார்த்தோம். தண்ணீர் நிறுவனத்தைத் திட்டினோம், எம்.பி.யைத் திட்டினோம். குழாயில் தண்ணீர் வரவைப்பது ஒருவருடைய வேலை, அவர் அதைச் செய்யவில்லை என்பதுதான் நம் கோபம். நமக்கு என்று வரும்போது நிறுவனத்தைக் கேட்கிறோம். ஏழைக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் ஒரு கைப்பம்போடு நிறுத்திக்கொள்கிறோம்?

முதல் அனுபவத்தைச் சொல்கிறோம். மூத்தவர்களில் சிலருக்கு இது தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரம் கடற்கரையோரக் கிராமம் ஒன்றுக்கு நாம் பணம் திரட்டி ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தொட்டியும் போட்டுக் கொடுத்தோம். இராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். திறப்பு விழாப் படம் சங்கச் சுவரில் இன்னும் தொங்குகிறது. இரண்டாம் ஆண்டில் மோட்டார் எரிந்தது. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று ஒருவருக்கொருவர் கைகாட்டினார்கள். மூன்றாம் ஆண்டில் தண்ணீரே உப்புக் கரித்தது. கடலோரத்தில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க உப்புநீர் உள்ளே ஏறி வரும் என்பது பாலிடெக்னிக் படித்த எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் அன்றைக்கு யோசிக்கவில்லை. தவறு ஊர்க்காரர்களுடையது அல்ல. யார் பராமரிப்பது என்று கேட்காமல் கொடுத்த எங்களுடையது.

அதே மாவட்டத்தில் 2009-இல் வேறொன்று நடந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 616 கோடி ரூபாய்ச் செலவில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை முடித்தது. திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடி, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்குப் போகிறது. எல்லா ஊருக்கும் எல்லா நாளும் ஒழுங்காக வருகிறது என்று சொல்லவில்லை. ஊருக்குப் போன் போட்டால் குறை சொல்லாத ஆள் இல்லை. ஆனால் வராவிட்டால் கேட்பதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது, ஒரு பொறியாளர் இருக்கிறார். நம் கிணறு நின்றபோது அந்த ஊர்ப் பெண்கள் யாரைக் கேட்பார்கள்? நம்மையா? நாம் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம்.

அந்த வாரியம் 1971-இல் தொடங்கப்பட்டது. அதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாத ஒரு செய்தி உண்டு. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போக, வாரியத்தின் பொறியாளர்களே உட்கார்ந்து பேசினார்கள். விபு நாயர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று நடத்திய முயற்சி அது. நம் பழைய 'கூடம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் பெரியவர் சின்னவர் இல்லை, தலைமைப் பொறியாளரும் கடைசி ஊழியரும் ஒரே தரையில் உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு அதையே கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். புதிய திட்டம் போட்டுக்கொண்டே இருப்பதை விட்டு, கெட்டுக் கிடக்கும் பழைய பம்பையும் தொட்டியையும் சீர்செய்வோம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் செய்து பார்த்தார்கள். செலவு குறைந்தது. பணம் கொடுத்து ஆலோசகரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் தங்கள் ஆட்களை வைத்தே ஒரு பொது நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்த்தது என்பதால் மற்ற நாடுகளில் தண்ணீர்த் துறையில் இருப்பவர்கள் அதை இன்றும் பேசுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் செய்த காரியம், நமக்குத்தான் தெரியவில்லை.

இனி கம்போடியா. சாம் முஸ்லிம் கிராமங்களுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கும் தர்மம். சூராவுக்குச் சூராவு அதற்கு உண்டியல் இருக்கிறது. போன குர்பானிக்கு எங்களில் நால்வர் அங்கே போனோம். ஒரு கிராமத்தில் ஒரே பாதையில் ஐந்து கைப்பம்பு. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர்ப் பலகை. அடித்துப் பார்த்தோம். இரண்டில்தான் தண்ணீர் வந்தது. மற்ற மூன்றில் ஒன்றுக்கு வாஷர் போட்டால் போதும், இரண்டு வெள்ளிச் சாமான். அதை வாங்கிப் போட ஆள் இல்லை, ஆறாவது கிணற்றுக்கு நன்கொடையாளர் தயாராக இருந்தார். கடைக்காரர்களான எங்களுக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகப் போய்விட்டது.

அதைவிடப் பயம் தரும் விஷயத்தைத் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டோம். ஆர்செனிக். மேக்கொங் ஆற்றுப் படுகையில், குறிப்பாகப் புனோம் பென்னைச் சுற்றியுள்ள கண்டால் மாநிலத்தில், ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் பலவற்றில் இந்த நஞ்சு இயற்கையாகவே கலந்திருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் தோலில் தடிப்பு வரும், புற்றுநோய்வரை போகும். வங்காளதேசத்தில் 1970களில் தொடங்கி, குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்களே என்று நல்லெண்ணத்தோடு லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைப் போட்டார்கள். இருபது ஆண்டு கழித்துத்தான் நஞ்சு தெரிந்தது. பிறகு ஊர் ஊராகச் சோதித்து, கெட்ட கிணற்றுக்குச் சிவப்பு, நல்ல கிணற்றுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள்.

நாம் வெட்டிக் கொடுத்த எந்தக் கிணற்று நீரையாவது சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோமா? இல்லை. நல்ல நோக்கம் போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆனால் கம்போடியாவைப் பற்றிச் சோகக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கேதான் எங்கள் கண்ணைத் திறந்த காரியமும் நடந்திருக்கிறது. தலைநகர் புனோம் பென். போல் போட் காலத்தில் நகரமே காலி செய்யப்பட்டது, தண்ணீர் நிறுவனத்தின் தேர்ந்த ஆட்கள் அழிந்தார்கள், வரைபடங்களும் போயின. 1993-இல் எக் சோன் சான் என்ற பொறியாளரை நகரத் தண்ணீர் நிறுவனத்துக்குத் தலைவராகப் போட்டார்கள். அன்றைக்கு நகரத்தில் சுமார் நான்கில் ஒரு பங்குக்குத்தான் குழாய்நீர், அதுவும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். உற்பத்தியாகும் நீரில் 72 விழுக்காட்டுக்குப் பணம் வரவில்லை. கசிவு பாதி, திருட்டு பாதி. ஊழியர்களே திருட்டு இணைப்பு கொடுத்தார்கள்.

அவர் செய்தது எல்லாம் நம் கடை வியாபாரம் மாதிரிதான். வாடிக்கையாளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். பெரிய மனிதர்களிடமும் பணம் வசூலித்தார். பில் கட்டாத ஒரு இராணுவத் தளபதி வீட்டு இணைப்பைத் துண்டிக்கப் போனபோது தன் தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். திருட்டைக் காட்டிக் கொடுத்தால் பரிசு, உடந்தையாக இருந்த ஊழியருக்கு வேலை இல்லை. ஏழை வீடுகளுக்கு மட்டும் இணைப்புக் கட்டணத்தில் சலுகை, மிகவும் இல்லாதவர்களுக்கு முழுவதும் இலவசம். தண்ணீர் லாரிக்காரனிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த குடிசைவாசிகள் மாதாமாதம் மீட்டர் பில் கட்டினார்கள், சந்தோஷமாக. 2006-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அந்தக் காலத்திலேயே பணம் வராத நீர் பத்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது, பிறகு 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. நாள் முழுக்கத் தண்ணீர், குழாயில் இருந்து நேரே குடிக்கலாம். மலேசியாவில் தேசிய அளவில் இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போகிறது. கம்போடியாவுக்குத் தர்மம் கொடுக்கப் போகும் நாம் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இதில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொன்று. அவர் தனியாகச் செய்யவில்லை. பிரான்சு, ஜப்பான், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி பணம் கொடுத்தன. பணத்தோடு 1999-இலிருந்து ஜப்பானின் கிட்டக்கியூஷூ என்ற நகரம் தன் மாநகராட்சித் தண்ணீர்த் துறை ஊழியர்களையே புனோம் பென்னுக்கு அனுப்பியது. ஆலோசனைக் கம்பெனி இல்லை, விற்பனையாளர் இல்லை. தன் ஊரில் கசிவு தேடிப் பழகிய ஆள், இன்னொரு ஊரில் அதே வேலை செய்பவனின் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுத்தார். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எவ்வளவு நீர் நுழைகிறது என்று ஓரிடத்தில் இருந்து பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பகுதியில் இரவு இரண்டு மணிக்கும் ஓட்டம் குறையவில்லையோ அங்கே குழாய் ஒழுகுகிறது. எல்லோரும் தூங்கும்போது தண்ணீர் யாருக்குப் போகிறது? எளிமையான கணக்குத்தான். பின்பு புனோம் பென்காரர்களே தங்கள் நாட்டின் மாநிலத் தலைநகரங்களுக்குப் போய்க் கற்றுக் கொடுத்தார்கள்.

இதற்கு இப்போது உலக அளவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2006-இல் ஐக்கிய நாட்டுப் பொதுச் செயலாளரின் ஆலோசனைக் குழு இப்படி ஒரு கூட்டுறவை முன்மொழிந்தது, 2009-இல் ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் கீழ் அது உருவானது. நன்றாக நடக்கும் தண்ணீர் நிறுவனம், தடுமாறும் நிறுவனத்துக்கு லாபம் எடுக்காமல் கைகொடுக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. உலகில் 2022 கணக்குப்படி 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் இல்லை, 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிப்பிட வசதி இல்லை. கைப்பம்பை வைத்து எண்ணினால் இந்தக் கணக்கு தீராது.

மலேசியாவும் வாங்கிய கைதான். 1998 அனுபவத்துக்குப் பிறகு பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டதற்கு ஜப்பானின் கடனுதவி இருந்தது. கொடுக்கும் கையாகவும் நாம் இருக்கிறோம். 1980-இல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் பல வளரும் நாடுகளின் அதிகாரிகள் இங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

"அரசாங்கம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று ஒரு மாமா போன வாரம் எங்களை மடக்கினார். சரியாகாது. கிளந்தானில் தண்ணீர் நிறுவனம் மாநில அரசுடையதுதான், இருந்தும் பல வீடுகள் இன்னும் கிணற்றை நம்பியிருக்கின்றன. பினாங்கில் மாநில அரசு பெரும்பங்கு வைத்துள்ள நிறுவனம் நன்றாக நடத்துகிறது. சிலாங்கூரில் 2005-இல் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் போன விநியோகம், நீண்ட இழுபறிக்குப் பிறகு மாநிலத்துக்கே திரும்பியது. யார் கையில் இருக்கிறது என்பது ஒரு பாதி. நாம் அவர்களைக் கேள்வி கேட்கிறோமா, பில் கட்டுகிறோமா என்பது மறு பாதி. சிலாங்கூரில் 2006 தொடங்கி 2024 வரை வீட்டுக்கு முதல் 20 கன மீட்டர் தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு 57 காசுதான். ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். எங்கள் கடைக்கு எதிரே தே தாரிக் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

கழிவுநீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், சாப்பாட்டு நேரம் நெருங்குவதால் நாங்களும் சுருக்கமாகச் சொல்கிறோம். கோலாலம்பூரில் 1890-இலேயே சுகாதார வாரியம் அமைந்துவிட்டது. ஆனால் கக்கூஸ் வாளி தலையில் போன காலத்தை இங்கே இருக்கும் நன்னாமார்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இந்த நகரத்தின் சாக்கடையையும் தெருவையும் சுத்தம் செய்தவர்களில் பலர் தமிழர்கள். 1993 இறுதியில் கழிவுநீரைத் தனியாரிடம் கொடுத்தார்கள், இண்டா வாட்டர் வந்தது. கண்ணில் படாத சேவைக்கு எதற்குக் காசு என்று ஊரே பில்லைக் கிழித்துப் போட்டது. 2000-இல் அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு மாதம் எட்டு வெள்ளி என்று நெடுங்காலம் இருந்த கட்டணத்தையும் கட்டாதவர்கள் நம்மில் உண்டு. கையைத் தூக்கச் சொல்ல மாட்டோம்.

நம் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோபிக்கக் கூடாது. கிரீஸ் டிராப். பிரியாணிச் சட்டி கழுவிய நீர் சூடாகப் போகும்போது எண்ணெய் ஓடும். பத்தடி போய்க் குளிர்ந்ததும் குழாய்க்குள் சோப்புக் கட்டி மாதிரி உறைந்து அடைக்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் அந்தப் பெட்டி. எங்கள் கடையில் அதை வாங்குபவர்களில் பலர் நகராண்மைக் கழகச் சோதனை வருகிறது என்றால்தான் வாங்குகிறார்கள். சோதனை முடிந்ததும் மூடியைத் திறப்பதில்லை. அண்ணன் ஒருவர் சொன்னார், "தம்பி, அதைத் திறந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்." திறக்காததால்தான் அந்த வாடை. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களின் சாக்கடை கடைசியில் கிள்ளான் ஆற்றில்தான் சேர்கிறது. அந்த ஆறுதான் இங்கே நம் ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது. அங்கே ஊற்றிய எண்ணெயை இங்கே நாம் பார்க்கிறோம்.

மதீனாவின் ரூமா கிணற்றுச் சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தவரிடமிருந்து உஸ்மான் (ரலி) அவர்கள் அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். பக்கத்தில் இன்னொரு கிணற்றைத் தன் பெயரில் தோண்டிக்கொள்ளவில்லை, இருக்கும் நீர் எல்லோரையும் அடைவதற்கு வழி செய்தார்கள். மார்க்கம் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஹஜ்ரத் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், தவறு இருந்தால் திருத்தட்டும்.

இப்போது எங்கள் கோரிக்கை. பத்துக் கிணற்றில் மூன்றுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த மூன்றையும் வெட்டுவோம், ஆனால் தண்ணீரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி, ஆர்செனிக் இல்லை என்ற சான்று கையில் வந்த பிறகுதான் பம்பு மாட்டுவோம். இருந்தால் மூடிவிடுவோம், பணம் போனால் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடத்துக்கு வாஷரும் கம்பியும் எங்கள் கடையிலிருந்து. ஊரில் இரண்டு பெண்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக் கொடுப்போம். ஆண்கள் வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள், தண்ணீர் எடுப்பவர்கள் பெண்கள்தான்.

மீதி ஏழு கிணற்றுப் பணத்தை வேறு வழியில் கொடுக்கலாம் என்கிறோம். கம்போடியாவில் நகரத் தண்ணீர்க் குழாய் எட்டியிருக்கும் இடங்களில், இணைப்புக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் வீடுகளுக்கு அதைக் கட்டுவோம். குழாய் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே வர ஒரு தொகை வேண்டும், அவ்வளவுதான். தாயகத்தில் ஊராட்சியோடு சேர்ந்து செய்வோம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடுகிறது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் உண்டு, சங்கம் சங்கத்துக்கு அனுப்பினால் சிக்கல். இதற்கு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்ட பிறகே பணம் நகரும். அந்தப் பழைய ஊருக்கும் போவோம். எரிந்துபோன மோட்டார் இன்னும் அங்கேதான் கிடக்கிறதாம். அந்தத் தொட்டியைக் காவிரித் திட்டக் குழாயோடு இணைக்க முடியுமா என்று வாரியத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். ஊராட்சித் தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இணைப்புக் குழாயில் பெயர்ப் பலகை மாட்ட முடியாது. நாற்பது வீட்டு மீட்டரில் நாற்பது பேர் பெயரா எழுதுவது? பெயர் போடுவோம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினோம். அதிலும் நம் சங்கத்து மூதாட்டி ஒருவர், மறைந்த கணவர் பெயரில் கிணறு வேண்டும் என்று கைவளையலை விற்றுக் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போக எங்களுக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. போனோம். ஆர்செனிக், இணைப்புக் கட்டணம் எல்லாவற்றையும் விளக்கினோம். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர், "வாப்பா, நீங்க சொல்றது பாதி எனக்கு விளங்கல. அந்த வீட்டுக்குத் தண்ணி நிக்காம வருமா, அதச் சொல்லுங்க" என்றார். நிற்காமல் வரும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. நின்றால் கேட்க ஓர் ஆபீஸ் இருக்கும் என்றோம். "அப்ப அதுலயே போடுங்க. அவுக பேர நான் துஆவுல சொல்லிக்கிறேன்" என்றார்.

மற்ற நன்கொடையாளர்கள் எல்லோரும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கிணறுதான் வேண்டும் என்பவர் பணத்தைக் கிணற்றுக்கே வைப்போம். வேண்டாம் என்பவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம், கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. வாசலில் மேசை போட்டு இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்றில் கிணறா இணைப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு. கடை முகவரியை மட்டும் எழுதினால் போதும். வருகிற முதல் ஞாயிறு, கடை திறக்கும் முன்னால், எங்கள் பையன்கள் கையுறையோடு வந்து கிரீஸ் டிராப்பைத் திறந்து சுத்தம் செய்து, எப்படி என்று உங்கள் ஆட்களுக்கும் காட்டிவிட்டுப் போவார்கள். முதல் முறைக்குக் கூலி ஒரு ரொட்டி சானாய். அடுத்த முறை நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.